சைக்கிள் ஷெட்டில் ஒரே ஒரு பிளக்

பேட்டரி வண்டிக்கு எப்படிச் சார்ஜ் போடுவது என்று யாராவது என்னிடம் கேட்டால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். ஓடி வந்த சூட்டோடு பிளக்கில் மாட்டாதே, கொஞ்ச நேரம் ஆறவிடு. பாதிதான் இறங்கியிருக்கிறது என்று சும்மா விடாதே, தினமும் ஏற்று. சார்ஜர் டப்பாவில் சிவப்பு விளக்கு பச்சையானதும் பிடுங்கிவிடு. முக்கியமாக, சார்ஜ் சுத்தமாக இறங்கின வண்டியை நாள் கணக்கில் அப்படியே நிறுத்தி வைக்காதே. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கூடவே ஓர் ஆள் கண் முன்னால் வந்து நிற்பார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, வாய் நிறைய வெற்றிலை. எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்கிளார்க். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் நான் பல்லை நறநறவென்று கடிப்பேன்.

நான் பிறந்து வளர்ந்தது விழுப்புரம். தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் ஒரு கிராமத்துக்கு வந்தேன். எங்கள் கொல்லையில் நின்றால் பெருமுக்கல் மலை தெரியும். வீட்டுக்காரருக்குச் சொந்த நிலம் உண்டு, நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுவார். ஊரில் பாதிப் பேர் எங்களைப் போல மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள். பொழுது சாய்ந்ததும் கோயில் மணி அடிப்பார்கள். மணி அடித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டுச் செபமாலை சொல்ல வேண்டும். மாமியார் போட்ட சட்டம் அது. காய்ச்சலில் கிடந்தால்கூடப் படுத்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் படித்த டைப்ரைட்டிங் வீணாகப் போகிறதே என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் போய்ப் பேசிவிட்டு வந்தேன். வேலை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது.

"வேலைக்குப் போ, வாணாங்கல" என்றார் மாமியார். "ஆனா கோயில் மணி அடிக்கறதுக்குள்ள வூட்ல இருக்கணும். முடியலன்னா வேலைய வுட்டுடணும். அதுக்கு ஒத்துக்கினா போ."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவருடைய அம்மா சொல்லி அவர் தலையாட்டாத நாளை நான் பார்த்ததில்லை.

நானும் ஒத்துக்கொண்டேன். ஆபீசில் ஜன்னல் ஓரமாக எனக்கென்று ஒரு மேசை இருந்தது. அதன் இழுப்பறைக்குச் சாவி என்னிடம்தான் இருந்தது. வீட்டில் எனக்கென்று பூட்டித் திறக்கிற மாதிரி ஒரு டப்பாகூடக் கிடையாது. அந்த மேசையை விடக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

பஸ்ஸை நம்பி வேலைக்குப் போன காலம் எனக்குத் தலைவலி பிடித்த காலம். சாயங்காலம் மரக்காணம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் ஊர் ஸ்டாப்பில் சில டிரைவர்கள் நிறுத்தவே மாட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் நுழையவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். அப்போதுதான் ஊரெல்லாம் பேட்டரி வண்டி வர ஆரம்பித்தது. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், கிக்கரை உதைக்க வேண்டாம். அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது விழுப்புரத்தில் ஒரு கடையில் பார்த்து, மெரூன் கலரில் ஒன்று எடுத்தேன். அங்கிருந்து எங்கள் ஊர் வரைக்கும் சார்ஜ் தாங்காது என்பதால் மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த மினி லாரியில் திரும்பும்போது போட்டுக்கொண்டு வந்தோம். ஊரே வேடிக்கை பார்த்தது. சத்தமே இல்லாமல் போகிறதே என்று மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த வண்டியில் போகவும் வரவும் ஒரு சார்ஜ் போதும். முதல் வருஷம் ராணி மாதிரி போய் வந்தேன். அந்த மே மாசம் லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது, வண்டியைக் காலியாகவே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜூனில் வந்து பிளக்கை மாட்டினால், சார்ஜர் போட்ட உடனே பச்சை விளக்கு எரிந்தது. ஆஹா, அதற்குள் நிரம்பிவிட்டதே என்று ஏறி உட்கார்ந்தேன். தெரு முனைகூடத் தாண்டவில்லை, வண்டி நின்றுவிட்டது. சீட்டுக்கு அடியில் இருந்த நான்கு பேட்டரியும் செத்துப் போயிருந்தன. காலியாக நின்று நின்று உள்ளே உப்புப் பூத்து இறுகிவிட்டதாம், இனி அதற்குள் கரண்ட் போகாதாம். அதனால்தான் சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டியிருக்கிறது. புதுப் பேட்டரி போட்ட பிறகு, வீட்டில் கைக்குழந்தை இருப்பது போல அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது கரண்ட் கட்டு. அந்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கிராமத்தில் கரண்ட் எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வந்தாலும் ஃபேன் சுற்றாத வோல்டேஜ். சார்ஜர் டப்பாவில் விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், காலையில் பார்த்தால் பாதிகூட ஏறியிருக்காது. பள்ளிக்கூடம் வரைக்கும் தாராளமாக வரும், திரும்பிப் போகத் தாங்காது. ஆனால் திண்டிவனத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் கரண்ட் இருந்தது. தலைமையாசிரியரிடம் கேட்டேன். சைக்கிள் ஷெட்டில் தண்ணி மோட்டாருக்கென்று போட்டு, மோட்டார் இடம் மாறியதால் சும்மா கிடந்த பிளக் ஒன்று இருந்தது. "அதுல போட்டுக்கங்கமா" என்றார். அந்த ஒரு பிளக்கில்தான் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் ஹெட்கிளார்க் வருகிறார்.

அவருக்கு ஒரு மச்சினி இருந்தாள். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளை என் மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை இருப்பதில் தப்பில்லை, வேறு இடம் தேடிக் கொடுத்திருக்கலாம். இவர் என் மேசையையே குறி வைத்தார். தாளாளர் வரும்போதெல்லாம், "ஆபீஸ்ல உள்ளூரு ஆளா இருந்தா நமக்குப் பேஜாரு இல்லீங்க, வூட்டுக்குப் போவணும்னு அஞ்சு மணிக்கே கடிகாரத்த பாத்துக்கினு இருக்க மாட்டாங்க" என்று பொதுவாகப் பேசுவது போலப் பேசுவார். நான் பக்கத்திலேயே டைப் அடித்துக்கொண்டிருப்பேன். காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவேன்.

மணி அடிப்பதற்குள் போகாவிட்டால் வேலையை விட வேண்டும் என்பது ஆபீசுக்கே தெரிந்த கதை. நானேதான் சேர்ந்த புதிதில் டீச்சர்களிடம் வாய் ஓயாமல் சொல்லி வைத்திருந்தேன். அது அவர் காதுக்கும் போயிருந்தது. கொஞ்ச நாளில் அவரும் ஒரு பேட்டரி வண்டி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் வீடு மயிலம் ரோட்டுப் பக்கம், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போய்விடலாம். வீட்டில் சார்ஜ் போட்டால் வாரக் கணக்கில் ஓட்டலாம். இவருக்கு எதற்குப் பள்ளிக்கூடத்துப் பிளக் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் பிளக்கை மாட்டிவிட்டு வந்தேன். சாப்பிட்டு முடித்து எதற்கோ ஷெட்டுப் பக்கம் போனால், என் பிளக் மண்ணில் கிடக்கிறது. அவர் வண்டி ஜம்மென்று ஏறிக்கொண்டிருக்கிறது.

நேரே போய்க் கேட்டேன். "சார், நான் போட்டு வெச்சிருந்தனே."

"பாத்தம்மா. எனக்கும் இறங்கிப் போச்சு, இன்னா பண்றது? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"எனக்கு ரொம்ப தூரம் போவணும் சார். உங்க வூடு இங்கதானே கீது."

"பிளக்கு பள்ளிக்கூடத்துது. உன் பேர எழுதியா வெச்சிருக்கு?" என்று சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தார். "இந்தம்மாவுக்கு மணி அடிச்சா வூட்டுல கதவ சாத்திடுவாங்களாம் சார்."

அந்த வாத்தியாரும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் போய்ப் பிளக்கை மாற்றிப் போட்டேன். மறுபடி பிடுங்கினார். மூன்று மணிக்குக் கரண்டே போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி நின்றது. பேட்டரி வண்டியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அதன் கனம். சைக்கிளைத் தள்ளுவது மாதிரி இல்லை, வர மாட்டேன் என்கிற எருமையை இழுத்துக்கொண்டு போவது மாதிரி. மரக்காணத்திலிருந்து வருகிற உப்பு லாரிகள் முகத்தில் லைட்டை அடித்துவிட்டுப் போயின. கரையைத் தாண்டுவதற்குள் எங்கள் கோயில் மணி அடித்தது. தள்ளிக்கொண்டே சிலுவை போட்டேன். வாயில் செபம் வரவில்லை. அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் செபமாலை பாதி முடிந்திருந்தது. மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் புடவைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு கடைசியில் போய் முட்டி போட்டேன். முட்டி கடுகடுவென்று வலித்தது. பரலோக மந்திரத்தில், நமக்குக் கெடுதல் செய்தவர்களை மன்னிப்பதாக நாம் சொல்ல வேண்டிய இடம் வந்தது. எல்லோரும் சொன்னார்கள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். பொய் சொல்லி எதற்கு மாதாவை ஏமாற்ற வேண்டும்? அன்றிலிருந்து அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு வாய் கட்டிவிடும். மாமியாருக்கு அது தெரிந்தே இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே செபமாலையை உருட்டுவார்.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷர், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கங்கமா" என்று தீர்ப்புச் சொன்னார். மாற்றி மாற்றி என்றால் என்ன அர்த்தம்? நான் போடுவேன், அவர் மாற்றுவார். அதுதான் நடந்தது. தினமும் பிடுங்கினால் பிரச்சினை ஆகும் என்று தெரிந்து, நாள் பார்த்துப் பிடுங்குவார். வேலை நிறைய இருந்து என்னால் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாத நாளாகப் பார்ப்பார். அந்த வேலையையும் அவரேதான் என் மேசையில் கொண்டுவந்து போடுவார். "ஜல்தியா அடிச்சிக் குடும்மா, தாளாளர் கேக்கறாரு" என்பார். நான் அடித்துக் கொடுத்தது இரண்டு நாள் அவர் மேசையிலேயே கிடக்கும்.

இரண்டாம் தடவையும் மணி அடித்த பிறகு வீட்டுக்குப் போனேன். அன்று மழை வேறு. வாசலில் வண்டியை நிறுத்தும்போதே என் வீட்டுக்காரர் லாந்தரோடு நின்றுகொண்டிருந்தார்.

"இதோ பாரு. இன்னொரு தபா மணிக்கு மேல வந்தன்னா, மறுநா காலைல எழுதிக் குடுத்துட்டு வந்துடு. அம்மா கிட்ட எனக்குப் பதில் சொல்ல முடியல" என்றார்.

"நான் இன்னாங்க பண்ணுவேன்? அந்தக் கட்டையில போறவன் பிளக்க பிடுங்கிடறான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே மாமியார் இருமுவது கேட்டது.

ஆக, இன்னும் ஒரே ஒரு தடவை நான் பிந்தினால் என் மேசை அவருடைய மச்சினிக்கு. இது அவருக்கும் எட்டியிருக்கும் போல. மறுநாள் ஆபீசுக்குள் நுழையும்போதே, "இன்னாம்மா, நேத்து மணி அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டேப்ளரை எடுத்து மூஞ்சியில் எறிந்திருப்பேன். எறியவில்லை. "அடிச்சாங்க சார், நல்லா கேட்டுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து டைப் அடித்தேன். உனக்கு ஒரு நாள் இருக்கிறதுடா என்று மனசுக்குள் கருவிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் வண்டி ஓட்டிய லட்சணத்தை எந்த எதிரிக்கும் சொல்ல மாட்டேன். காலையில் சார்ஜை மிச்சம் பிடிக்க, ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவேன். ஹாரன் அடித்தால் குறைந்துவிடுமோ என்று வாயாலேயே "ஓரம் போங்க" என்று கத்துவேன். வழியில் தெரிந்தவர்கள் கை காட்டினால் பார்க்காத மாதிரி போய்விடுவேன். பின்னால் ஓர் ஆளை ஏற்றினால் பாதி வழியில் படுத்துவிடும். "உத்தியோகம் பாக்கற திமிரு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் ஊர் எல்லைக்குள் நுழைகிற வரைக்கும் மீட்டர் முள்ளைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன். பல நாள் முள் சிவப்பில் கிடந்து துடிக்கும்போதுதான் வீட்டு வாசலுக்கு வருவேன். எங்கள் கோயில் மணியின் சத்தம் எனக்குக் கனவில்கூடக் கேட்டது.

அந்த ஆளை அப்போது நன்றாகக் கவனிக்க ஆரம்பித்தேன். பகைத்துக்கொண்டால்தானே ஒரு மனுஷரை முழுசாகப் பார்க்கிறோம். ஒரு விஷயம் பிடிபட்டது. நான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகத்தான் செய்வார். ஒரு நாள் வெயிலில் ஓட்டி வந்த கையோடு பிளக்கில் மாட்டப் போனார். வாய் சும்மா இருக்காமல், "சூடா இருக்கும்போது போடாதீங்க சார், ஆறட்டும்" என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் வேண்டுமென்றே பேங்க் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, சூடு ஆறுவதற்குள் மாட்டுவார். இன்னொரு நாள், "பச்ச விளக்கு வந்தாச்சு சார், எடுத்துடுங்க" என்றேன். சாயங்காலம் வரைக்கும் எடுக்கவில்லை. "பொம்பளைங்க சொல்லி நான் வண்டி வெச்சிக்கணுமா? நான் பழைய செல்போன் காலத்துலேர்ந்து பேட்டரிய பாத்துக்கினு வர்றவன்" என்று அட்டெண்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய செல்போனுக்கு என்ன வழக்கமோ அதுதான் அவருக்குப் பேட்டரி வேதம். சார்ஜ் சுத்தமாக இறங்கி, போன் செத்து அணைந்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொல்வோம் இல்லையா, அதே.

இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஏப்ரல் கடைசி. பரீட்சையெல்லாம் முடிந்து, லீவு விடுகிற நாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் டீயும் வடையும் வைத்திருந்தார்கள். ஹெட்கிளார்க் மெட்ராசில் மகள் வீட்டுக்குப் போவதாகவும், ஜூனில்தான் வருவார் என்றும் பேச்சு வந்தது. நான் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சார், லீவுக்குப் போறதுக்கு முன்னாடி வண்டிய ஃபுல்லா சார்ஜ் போட்டு நிறுத்திட்டுப் போங்க. நடுவுல யாரையாவது வுட்டு ஒரு தபா போடச் சொல்லுங்க. காலியா மட்டும் வெச்சிட்டுப் போயிடாதீங்க, பேட்டரி செத்துடும். எனக்கு அப்பிடித்தான் ஆச்சு."

ஒரு வார்த்தை பொய்யில்லை. தலைமையாசிரியர் இருந்தார், கணக்கு வாத்தியார் இருந்தார், டீச்சர்கள் எல்லோரும் இருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

ஹெட்கிளார்க் வடையை மென்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு ஏன் செத்துச்சு தெரியுமா? அரைகுறையா இறக்கி வெச்சிட்டுப் போயிருப்ப. பேட்டரின்னா சுத்தமா இறக்கணும். சொட்டு இல்லாம இறக்கி வெச்சாத்தான் அது ரெஸ்ட் எடுக்கும். தெரியாத விஷயத்துல வாய வெக்காதம்மா."

"சரிங்க சார். எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்" என்றேன். பவ்யமாக.

அதோடு விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைத்திருக்காது. அவர் வண்டியில் அன்றைக்கு மத்தியானம்தான் கொஞ்சம் சார்ஜ் ஏறியிருந்தது, என் பிளக்கைப் பிடுங்கிப் போட்ட சார்ஜ். அதை இறக்க வேண்டுமே. டீ குடித்துவிட்டு எல்லோரும் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருக்க, அவர் பள்ளிக்கூட மைதானத்தில் வண்டியில் சுற்ற ஆரம்பித்தார். ஏப்ரல் மாச வெயில். தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, ஹாரனை அடித்துக்கொண்டே கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் நின்றிருந்த பக்கம் வரும்போதெல்லாம், பாத்துக்கோ என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் பார்த்துக்கொண்டேன். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. வண்டி மெல்ல மெல்ல முனகி, கடைசியில் கோல் போஸ்ட் பக்கத்தில் நின்றேவிட்டது.

"இப்ப பாரு, சுத்தமா எறங்கிச்சு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

அட்டெண்டரும் அவருமாகத் தள்ளிக்கொண்டு போய் ஆட்டோவில் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு இரண்டாவது டம்ளர் டீ வேண்டும் போல இருந்தது. வாங்கிக் குடித்தேன். அந்த டீ மாதிரி ஒரு டீயை நான் இதுவரைக்கும் குடித்ததில்லை.

மே மாசம் முழுவதும் எனக்கு மனசுக்குள் கல்யாண வீடுதான். விழுப்புரத்துக்குப் போகும் முன்னால் என் வண்டியை நிரப்பி நிறுத்தினேன். வீட்டுக்காரரிடம் சொல்லி நடுவில் ஒரு தடவை போட வைத்தேன். அம்மா வீட்டு மொட்டை மாடியில் வற்றல் காயப்போடும்போது மயிலம் ரோட்டு வண்டியை நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு எவ்வளவு இறுகியிருக்கும், நாளைக்கு எவ்வளவு இறுகும் என்று யோசிப்பேன். "தனியா சிரிக்கறயே, இன்னாடி?" என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாம் நாள் ஹெட்கிளார்க் வண்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேரே சைக்கிள் ஷெட்டுக்கே வந்தார். வீட்டில் கரண்ட் சரியில்லை, பள்ளிக்கூடத்தில் போட்டால் ஏறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் என் பிளக்கை நானே எடுத்து அவருக்கு இடம் விட்டேன். மாட்டினார். மாட்டிய உடனே பச்சை விளக்கு.

"பாத்தியா!" என்றார் என்னைப் பார்த்து. "ரெஸ்ட் எடுத்த பேட்டரி. ஒடனே ஃபுல்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். வண்டியில் ஏறி ஆக்சிலேட்டரைத் திருகினார். ஷெட்டு வாசல் வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. மறுபடி திருகினார். மறுபடி. சைக்கிள் எடுக்க வந்த பிள்ளைகள் கூடி நின்று பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் வராந்தாவிலிருந்து, "அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்களே சார்" என்றார். எனக்கு அந்த வாத்தியார் மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று.

ஹெட்கிளார்க் ஒரு வாரம் கடைக்காரனைத் திட்டினார், அப்புறம் கம்பெனியைத் திட்டினார். என்னை மட்டும் திட்ட முடியவில்லை. நான்தான் ஊர் கேட்கச் சொல்லியிருந்தேனே. அவர் வீட்டம்மா அந்த வண்டிக்கு மறுபடி பேட்டரி வாங்க ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்வி. மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி அதன் மேல் ஈரத் துணி காயப்போடுகிறார்கள் என்று அட்டெண்டர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு என் பிளக்கை யாரும் தொடவில்லை. அவருக்கு வண்டியே இல்லாதபோது எந்தச் சாக்கைச் சொல்லிப் பிடுங்குவார்? மச்சினியும் கொஞ்ச நாளில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்துவிட்டாள். நான் தினமும் முள் பச்சையில் இருக்க, ஹாரன் அடித்துக்கொண்டு, மணிக்கு ரொம்ப நேரம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் கை காட்டியவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். இத்தனைக்குப் பிறகும் அந்தச் செப வரியில் மட்டும் என் வாய் திறக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். ஆபீஸ் முடிந்து கிளம்புகிற நேரம். காலையிலிருந்து விடாமல் பெய்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரோட்டில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஆட்டோ எதுவும் வரவில்லை. நான் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்தபோது, ஹெட்கிளார்க் குடையில்லாமல் தூணோரம் ஒதுங்கி நின்றிருந்தார். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, வூட்டு வரைக்கும் கொஞ்சம் வுட்டுட்டுப் போறியா? மழ வுடற மாதிரி தெரியல."

அவர் வீடு ஒன்றும் தூரம் இல்லை. என் வண்டியில் சார்ஜ் நிறைய இருந்தது. கோயில் மணி அடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வண்டியை அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் ஏறுவதற்குக் காலைத் தூக்கினார்.

"ஏத்திக்கினுதான் போவேன் சார்" என்றேன். "ஆனா இன்னா பண்றது, மணி அடிச்சா எங்க வூட்ல கதவ சாத்திடுவாங்க."

தூக்கிய காலை அவர் அப்படியே கீழே வைத்தார். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன், பார்க்க வேண்டும் என்றே பார்த்தேன். பிறகு ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் போனேன். வழியெல்லாம் மழை முகத்தில் அடித்தது. எனக்குக் குளிரவே இல்லை.

வீட்டுக்குப் போய், துணி மாற்றி, தலை துவட்டி, கேப்பைக் களி கிண்டி இறக்கிய பிறகுதான் மணி அடித்தது. எல்லோரும் முட்டி போட்டோம். மன்னிக்கிற வரி வந்தபோது நான் வாயைத் திறந்து, தெளிவாக, சத்தமாகச் சொன்னேன். மாமியார் செபமாலையைப் பிடித்த கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.